வாயிலோன் எங்கே நிற்பான்?

ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான பள்ளி ஒன்றின் பொறுப்பை 1789-இல் ஏற்றார். ஒரு நாள் குதிரையில் போகும்போது வழியில் ஓர் உள்ளூர்ப் பள்ளிக்கூடம் அவர் கண்ணில் பட்டது. பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். தம் பள்ளியிலும் அதையே செய்யச் சொன்னார். துணை ஆசிரியர்களுக்கு மனம் வரவில்லை. எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் சின்னப் பிள்ளைகளை ஒப்படைத்தார்; அவன் மணலில் எழுத்துகளைச் சொல்லிக்கொடுத்துக் காட்டினான். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குக் கற்பிக்கும் அந்த ஏற்பாட்டை பெல் 1797-இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது பிரிட்டன் முழுவதும் பரவியது. மணல் தட்டும் கூடவே கப்பலேறியது.

பெல்லுக்கு அதில் பிடித்தது சிக்கனம். தாள் செலவில்லை, ஆசிரியர் சம்பளமும் மிச்சம். தமிழாசிரியனான எனக்கு அந்த விரல்தான் முக்கியமாகப் படுகிறது. மணலில் 'அ' எழுதும் பிள்ளையின் தோளிலிருந்து கை முழுவதும் அசைகிறது. விரல் வளையும்போதே வாய் அந்த ஒலியைச் சொல்கிறது. தப்பானால் உள்ளங்கையால் ஒரு தடவு. சிவப்பு மைக்கு அங்கே வேலையில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தை நான் கொண்டாட வரவில்லை. பிள்ளைகளைக் கயிற்றில் தொங்கவிட்ட கோதண்டமும் அதே கூரைக்குக் கீழ்தான் இருந்தது. அந்தத் திண்ணைகளில் ஏற முடியாத பிள்ளைகளே ஊரில் அதிகம். ஆனால் எழுத்து உடம்பு வழியாக உள்ளே போகிறது என்பதை அந்த மணல் அறிந்திருந்தது.

நம் அரசுப் பள்ளிகளின் தொடக்க வகுப்புகளுக்கு அது இன்றும் தெரியும். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தபோது ஆசிரியர் நாற்காலியை விட்டிறங்கித் தரையில் உட்கார்ந்தார். சுவரின் கீழ்ப்பகுதி பிள்ளைகளின் கரும்பலகையானது. சில ஆண்டுகளில் அது மாநிலம் முழுக்கப் போனது. 2022-இல் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் பாட்டும் பொம்மையும் கதையும் உண்டு. குறையெல்லாம் அதற்கு மேலே இருக்கிறது. ஆறாம் வகுப்பில் பெஞ்சு வந்துவிடுகிறது. அதுவரை ஆடிப்பாடிப் படித்த பிள்ளை அன்றிலிருந்து கையைக் கட்டிக்கொண்டு படிக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை, அதுவாகவே நடந்துவிடுகிறது. கலை ஆண்டு விழாவுக்குப் போகிறது. உடம்பு விளையாட்டுப் பாடவேளைக்குப் போகிறது, அந்தப் பாடவேளையையும் கணக்கு வாத்தியார் கடன் வாங்காமல் இருந்தால்.

வகுப்பறையில் கலையைப் பற்றிப் பேசும்போது பலரும் அதைப் பிள்ளைகளின் களைப்பைப் போக்கும் ஒன்றாக நினைக்கிறார்கள். பாடம் கசக்கும், ஆகவே கொஞ்சம் பாட்டு, கொஞ்சம் நாடகம். எனக்கு இதில் உடன்பாடில்லை. நடித்துப் பார்ப்பதே ஊன்றிப் படிப்பதுதான். வினாவுக்கு விடை எழுதும் பிள்ளை தனக்குத் தெரியாத இடத்தைத் தாண்டிப் போய்விடலாம். நடிக்கும் பிள்ளைக்கு அந்த வசதி இல்லை. எங்கே நிற்பது, யாரைப் பார்ப்பது, கையை என்ன செய்வது என்று ஒவ்வொன்றையும் முடிவுசெய்தாக வேண்டும். முடிவுசெய்யப் பனுவலுக்குத்தான் திரும்பி வர வேண்டும்.

எட்டாம் வகுப்பில் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையைக் கதையாகச் சொல்லி, அடிகளையும் வாசித்துக் காட்டிவிட்டு, வகுப்பைக் குழுக்களாகப் பிரித்தேன். ஒவ்வொரு குழுவும் ஒரு கணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு 'ஸ்டேச்சூ' ஆக வேண்டும். அசையக் கூடாது, பேசக் கூடாது. மற்றவர்கள் சுற்றி வந்து பார்த்து, நீ யார், எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று கேட்கலாம். தெருவில் விளையாடும் விளையாட்டு என்பதால் விதிகளை விளக்க வேண்டியிருக்கவில்லை. பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளுவதற்குத்தான் நேரமானது.

எல்லாக் குழுக்களும் கண்ணகியையே போட்டிபோட்டு எடுக்கும் என்று எதிர்பார்த்தேன். அப்படித்தான் நடந்தது. ஒரு குழுவில் மட்டும் அதிகம் பேசாத பெண் ஒருத்தி வாயிலோன் வேடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அரசனின் அரியணைக்கு ஒரு நாற்காலி, வாசலுக்கு எங்கள் வகுப்பறைக் கதவு. அவள் கதவுக்கும் நாற்காலிக்கும் நடுவில் போய் நின்றாள். உடம்பு அரசனைப் பார்த்து வளைந்திருந்தது. ஒரு தோள் மட்டும் கதவின் பக்கம் திரும்பியிருந்தது. காவல்காரன் என்றால் விறைப்பாக நிற்க வேண்டாமா என்று ஒரு பையன் கேட்டான்.

"பயந்தவன் எப்பிடி வெறப்பா நிப்பான்?" என்றாள். "அய்யா, அவ பேர அவன் கேக்கவே இல்ல. கொற்றவை இல்ல, காளி இல்ல, துர்க்கை இல்லன்னு ஒவ்வொரு சாமி பேரா சொல்றான். பயத்துலதான சொல்றான்?"

அந்தப் பகுதியை நான் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். வாயிலோன் அடுக்கும் அந்தப் பெயர்களை உவமை நயம் என்றும், கண்ணகியின் தெய்வத்தன்மைக்கு முன்குறிப்பு என்றும் சொல்லியிருக்கிறேன். இரண்டும் சரிதான். ஆனால் அந்த அடுக்கில் ஓர் ஏவலாளின் நடுக்கம் இருப்பதைத் தன் முதுகை வளைத்துப் பார்த்த ஒரு பிள்ளை எனக்குக் காட்டினாள். வெளியே கோபத்தோடு ஒரு பெண், உள்ளே அதிகாரத்தோடு ஓர் அரசன், நடுவே இரண்டு பேருக்கும் அஞ்சி நிற்கும் கூலிக்காரன். அன்று மாலை அவள் எழுதிய பத்தி வாயிலோனின் வாய்மொழியாக இருந்தது. அதுவரை அவள் நோட்டில் நான்கு வரிக்கு மேல் நான் பார்த்ததில்லை.

இன்னொரு குழு சிலம்புக்காக இரண்டு பழைய பவுடர் டப்பாக்களைக் கொண்டுவந்தது. கண்ணகி தன் சிலம்பில் உள்ளது மாணிக்கப் பரல் என்கிறாள். பாண்டியன் தங்களுடையது முத்துப் பரல் என்கிறான். ஒன்றில் புளியங்கொட்டை, ஒன்றில் அரிசி. ஆட்டிப் பார்த்தால் ஓசை வேறு. "ராஜா இத முன்னாடியே ஆட்டிப் பாத்திருக்கலாமே" என்று கேட்ட பையனுக்கு நான் விடை சொல்லவில்லை. அந்தக் கேள்வியை அப்படியே கரும்பலகையில் எழுதிவைத்தேன். ஒரு வாரம் அழிக்கவில்லை.

எங்கள் பக்கம் கூத்து நாடு. செய்யாற்றைச் சுற்றியுள்ள ஊர்களில் இராத்திரி முழுக்க விழித்திருந்து பாரதக் கூத்து பார்த்துவிட்டு மறுநாள் வகுப்பில் தூங்கி விழும் பிள்ளைகள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். அவர்களைப் பின்தங்கியவர்கள் என்று பட்டியலில் எழுதுவது எளிது. அந்தப் பிள்ளைக்குக் கிரீடத்தின் அளவைப் பார்த்தே வேடத்தின் தகுதி தெரியும். முகவீணை மாறினால் அடுத்து வருவது சண்டையா ஒப்பாரியா என்று தெரியும். கட்டியங்காரன் எப்போது கதைக்குள் இருக்கிறான், எப்போது வெளியே வந்து நம்மோடு பேசுகிறான் என்பதும் தெரியும். 1994-இல் அமெரிக்காவின் நியூ லண்டன் என்ற ஊரில் பத்துக் கல்வியாளர்கள் கூடிப் பேசி, 1996-இல் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார்கள். படிப்பறிவு எழுத்தோடு நிற்பதில்லை. படம், ஒலி, மெய்ப்பாடு, இட அமைப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பொருள்கொள்ளக் கற்பதே இனிவரும் காலத்துக்கான படிப்பறிவு என்பது அவர்கள் வாதம். கல்வியியலில் அது பெரிய திருப்பம். அவர்கள் சொன்னதில் பாதியைக் கூத்துப் பார்க்கும் பிள்ளை வீட்டிலிருந்தே கொண்டுவருகிறது. நாம்தான் பள்ளி வாசலில் அதை இறக்கிவைத்துவிட்டு வரச் சொல்கிறோம்.

இறக்கிவைக்கத் தேவையில்லை என்று காஞ்சிபுரத்துக்கு அருகே புஞ்சரசந்தாங்கலில் செய்தே காட்டினார்கள். கட்டைக்கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி ப்ருயினும் 2002-இல் தொடங்கிய குருகுலத்தில் பிள்ளைகள் கூத்தும் கற்றார்கள், பள்ளிப் பாடமும் படித்தார்கள். ஆண்கள் மட்டுமே ஆடிவந்த கலையில் பெண் பிள்ளைகள் வேடம் கட்டினார்கள். 2020-இல் அது மூடப்பட்டதை நினைத்தால் இப்போதும் வருத்தம்தான். அதுபோல ஒரு பள்ளியாவது ஒவ்வொரு மாவட்டத்திலும் இருந்திருக்க வேண்டும்.

ஆட்டத்தின் தாளம் கணக்குக்கும் உதவுகிறது. எங்கள் பள்ளிக் கணக்கு ஆசிரியை கோலாட்டக் குச்சிகளை வைத்து மீச்சிறு பொது மடங்கு (மீ.சி.ம.) நடத்துவார். ஒரு வரிசை நான்கு எண்ணிக்கைக்கு ஒரு தட்டு, எதிர் வரிசை ஆறுக்கு ஒரு தட்டு. நான்கையும் ஆறையும் பெருக்கி இருபத்து நான்கில்தான் சேரும் என்று காத்திருந்த பிள்ளைகளுக்குப் பன்னிரண்டிலேயே இரண்டு வரிசையும் ஒன்றாக விழுவது காதில் கேட்டுவிடுகிறது. ஏன் என்று அவர்களே கேட்கிறார்கள். அதன் பிறகு பகாக்காரணிகளை எழுதிக் காட்ட வேண்டும்; எழுதாமல் விட்டால் அது வெறும் கோலாட்டமாக நின்றுவிடும். 'டோட்டோ-சான்' என்ற ஜப்பானிய நூலில் வரும் தொமோயே பள்ளியைப் பற்றிப் பேசுபவர்கள் எல்லோரும் ரயில் பெட்டி வகுப்பறையைச் சொல்கிறார்கள். பியானோவின் தாளத்துக்கு ஏற்பப் பிள்ளைகள் அடியெடுத்து வைத்த இசை வகுப்புதான் என் மனத்தில் நிற்கிறது. சுவிட்சர்லாந்தின் டால்குரோஸ் வகுத்த அந்தப் பயிற்சியை அப்பள்ளியின் தலைமையாசிரியர் கொபயாஷி அவரிடமே போய்க் கற்றுவந்தார்.

இனி செல்போன். வீட்டில் ஒரே ஒரு போன், அதுவும் அப்பா வேலை முடிந்து வந்தபின் கிடைப்பது என்ற நிலையில்தான் எங்கள் பிள்ளைகளில் பலர் இருக்கிறார்கள். ஆனால் அதில் வருவதை எல்லோரும் பார்க்கிறார்கள், எல்லோரும் நம்புகிறார்கள். கருவியைக் கையாளச் சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை. நம்பலாமா என்று கேட்கச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. என் பழைய போனில் குரலைப் பதிவுசெய்து, கோவலன் கொலையை வானொலிச் செய்தியாகத் தயாரிக்கச் சொன்னேன்.

முதல் வடிவத்தில், 'அரசியின் சிலம்பைத் திருடிய கோவலன் பிடிபட்டான்' என்றிருந்தது. போட்டுக் கேட்டோம். "அவன் திருடலியே" என்றது ஒரு குரல். "ஆனா அன்னிக்கு மதுரைல யாருக்கும் அது தெரியாதே" என்றது இன்னொன்று. தெரியாததைச் செய்தியில் எப்படிச் சொல்வது? அரை மணி நேரம் அதிலேயே போனது. கடைசியில் 'திருடியதாகப் பொற்கொல்லர் ஒருவர் கூறியதை அடுத்து' என்று மாற்றினார்கள். அப்படி மாற்றியதுமே அடுத்த கேள்வி தானாக வந்தது: அந்தப் பொற்கொல்லர் யார், அவர் சொன்னதைச் சரிபார்த்தது யார்? உண்மையில் சிலம்பைத் திருடியவனே அவன்தான் என்பது அவர்களுக்குத் தெரியும்.

சரிபார்க்காத காட்சியை நடித்துப் பார்க்க வேண்டும் என்று அவர்களே கேட்டார்கள். ஊடல்கொண்டு போன கோப்பெருந்தேவியைத் தேடி அரசன் அவளுடைய மாளிகைக்குப் போகிறான். வாசலில் பொற்கொல்லன் காலில் விழுந்து சொல்கிறான். அரசன் அங்கேயே காவலரை அழைத்துக் கட்டளையிடுகிறான். அரசனாக நடித்த பையன் ஒரு காலை வகுப்பறைக் கதவுக்கு உள்ளே வைத்தான், ஒரு காலை வெளியே நிறுத்திக்கொண்டான். முகம் உள்ளே பார்த்தபடி இருக்க, கை மட்டும் வெளியே நீண்டு ஆணையிட்டது. யாரும் சொல்லித்தரவில்லை. "வாட்ஸ்அப்ல வந்தத படிக்காமயே ஃபார்வர்டு பண்ற மாதிரி" என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். வகுப்பே திரும்பிப் பார்த்தது. கரும்பலகையில் இருந்த ஆட்டிப் பார்க்கும் கேள்விக்கும் அங்கேயே விடை கிடைத்தது: அவன் நின்றுகூடக் கேட்கவில்லை, எங்கிருந்து ஆட்டிப் பார்ப்பான்?

அந்தக் குரல் பதிவினால் இன்னொரு பயனும் கிடைத்தது. தன் குரலைத் தானே கேட்ட பிள்ளை 'பழி' என்பதைப் 'பளி' என்று சொல்லியிருப்பதைக் கண்டுபிடித்து, மறுபடி பதிவுசெய்யலாமா என்று கேட்டது. நான் நூறு முறை திருத்தினாலும் வராத மாற்றம் அது.

இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும் என்பது உண்மை. சத்தமும் வரும், பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை. எல்லாப் பாடத்தையும் ஆட முடியாது. புணர்ச்சி விதிகளைப் பலகையில் எழுதிப் பயிற்சி கொடுப்பதைவிட நல்ல வழி எனக்குக் கிடைக்கவில்லை. உடம்பை அசைக்கக் கூச்சப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள், வளரும் வயதுப் பெண் பிள்ளைகள் குறிப்பாக. அவர்களைத் தள்ளி நடுவில் நிறுத்துவது கொடுமை. கதை சொல்பவராக, ஒலி கொடுப்பவராக, காட்சியைப் படமாக வரைபவராக இருக்க இடம் வேண்டும். கால் ஊன்ற முடியாத பிள்ளை உள்ள வகுப்பில் எல்லோரும் உட்கார்ந்தே செய்யும் காட்சியாக அமைத்துக்கொள்ளலாம். பாண்டியன் அவையில் பாதிப்பேர் உட்கார்ந்துதான் இருக்கிறார்கள்.

2022 முதல் அரசுப் பள்ளிகளில் நடக்கும் கலைத் திருவிழா எனக்குப் பிடிக்கும். கிராமத்துப் பிள்ளை மாநில மேடை வரை போவதைக் கண்ணால் பார்க்கிறோம். ஆனால் போட்டிக்கு நாம் அனுப்புவது ஏற்கெனவே ஆடத் தெரிந்த பிள்ளையை. வாயிலோன் வேடத்தைக் கேட்டு வாங்கியவளை எந்தப் போட்டிக்கும் யாரும் அனுப்பியிருக்க மாட்டார்கள், நான் உட்பட. அவளுக்கு மேடை தேவைப்படவில்லை. பெஞ்சுகளைத் தள்ளிவைத்த பத்தடி இடம் போதுமானதாக இருந்தது.

புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர்கள் எங்கே தொடங்குவது என்று கேட்கிறார்கள். நாடகம் போடத் தொடங்காதீர்கள். வசனம் எழுதி மனப்பாடம் செய்யவைக்கும் வேலையில் மாட்டிக்கொள்வீர்கள். ஒரு பாடத்தில் ஒரே ஒரு கணத்தை எடுங்கள். ஐந்து நிமிடம் சிலையாக நிற்கச் சொல்லுங்கள். அரசனையும் நாயகியையும் விட்டுவிட்டு, ஓரத்தில் நிற்பவரிடம் போய் முதல் கேள்வியைக் கேளுங்கள். பிறகு எல்லோரும் உட்கார்ந்து பத்து வரி எழுதட்டும்.