நெடுந்தீவுக்குப் படகில் போனோம்

நுரைச்சோலையில் இருப்பவர்களுக்குக் கடல் தூரமில்லை. ஒரு பக்கம் பெருங்கடல், மறு பக்கம் புத்தளம் களப்பு. நடுவில் உள்ள மணல் தரையில் வெங்காயமும் மிளகாயும் பீற்றூட்டும் செய்கிறோம். அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி எங்கிருந்து பார்த்தாலும் தெரியும். ஆனாலும் எங்கள் பெண்கள் குழுவில் பலர் வருடக்கணக்காகப் படகில் ஏறியதே இல்லை. ஏறச் சொன்னாலும் மாட்டேன் என்பார்கள். அதற்குக் காரணம் 1990ஆம் ஆண்டு.

அந்த வருடம் ஒக்டோபர் மாதக் கடைசியில் வடக்கிலிருந்த 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். மன்னார் தீவில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் கடல் வழியாகவே கற்பிட்டிக்கு வந்து சேர்ந்தார்கள். பின்னர் ஆலங்குடா, நுரைச்சோலை என்று இந்தக் கரை நெடுகிலும் ஓலைக் கொட்டில்களில் குடியேறினார்கள். இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் இங்கே வளர்ந்துவிட்டார்கள்.

நெடுந்தீவில் உள்ள பெண்களின் சேமிப்புக் குழுவொன்றைச் சந்தித்து வரலாம் என்று நான் சொன்னபோது, எருக்கலம்பிட்டியில் பிறந்த உம்மா ஒருவர் கேட்ட முதற் கேள்வி, “பஸ்ஸில போகேலாதா மகள்?” என்பதுதான். போக முடியாது. யாழ்ப்பாணத்துத் தீவுகளில் வேலணை, புங்குடுதீவு, காரைநகர் ஆகியவற்றுக்குத் தாம்போதி வழியாகத் தரைப்பாதை உண்டு. நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு ஆகிய நான்கிற்கும் கடலைக் கடந்துதான் ஆக வேண்டும்.

பங்குனி மாதத்தில் புறப்பட்டோம். காற்று ஓய்ந்து கடல் அமைதியாக இருக்கும் காலம் அது. பாலாவிச் சந்திக்கு வந்து புத்தளம், அநுராதபுரம், வவுனியா என்று போய் இரவு யாழ்ப்பாணத்தில் தங்கினோம். விடியற்காலை பண்ணைப் பாலத்தைத் தாண்டி வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறையை அடைந்தோம். அங்கு நின்று பார்த்தால் நயினாதீவு கண்ணுக்கு நேரே தெரிகிறது. நாகபூஷணி அம்மன் கோயிலுக்கும் நாகவிகாரைக்கும் போகிறவர்கள் அந்தப் படகுகளில் ஏறிக்கொண்டிருந்தார்கள். கால் மணி நேரத்துப் பயணம். நெடுந்தீவுக்கோ சுமார் ஒரு மணி நேரம் வேண்டும்.

எங்களுடன் படகில் ஏறியவை எவை என்று சொன்னால் தீவு வாழ்க்கை விளங்கும். அரிசி மூடைகள், எரிவாயுச் சிலிண்டர்கள், சீமெந்து, கோழிக் குஞ்சுப் பெட்டி, ஒரு மோட்டார் சைக்கிள், கையில் கோவையுடன் ஓர் ஆசிரியை, ஊசி போட்டுத் திரும்பும் கைக்குழந்தை ஒன்று. கடையில் கிடைக்கும் ஒரு தீப்பெட்டி கூட இப்படித்தான் வந்து சேர வேண்டும். இருக்கைகள் கீழ்த்தட்டில். எஞ்சின் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் சொல்வது கேட்காது, டீசல் மணத்தில் தலை சுற்றும். சிலருக்குச் சத்தி வந்தது. உயிர்காப்பு அங்கியை எப்படிக் கட்டுவது என்று எங்களுக்குக் காட்டித் தந்தவர் அந்த ஆசிரியைதான்.

உம்மா என் கையை விடவேயில்லை. பாதி வழியில் அவராகவே பேசத் தொடங்கினார். “அண்டைக்கு எங்கள ஏத்தினது மீன் புடிக்கிற வள்ளத்தில மகள். ஒருத்தர்ட மடியில ஒருத்தர். தண்ணி உள்ளுக்கு வர வர அள்ளி ஊத்தினம். இதில ஏறினா பின்னேரம் திரும்பி வருவம் எண்டு தெரியுது. அண்டைக்கு அது தெரியாது.”

நெடுந்தீவின் மாவிலித்துறையில் இறங்கினோம். அங்கே குமுதினிப் படகில் இறந்தவர்களுக்கான நினைவிடம் இருக்கிறது. 1985ஆம் ஆண்டு மே 15ஆம் திகதி, நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் போய்க்கொண்டிருந்த குமுதினியை நடுக்கடலில் மறித்து, பெண்கள், குழந்தைகள் என்று பாராமல் வெட்டிக் கொன்றார்கள். கடற்படையினரே அதைச் செய்தார்கள் என்று உயிர் தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். அதே குமுதினி பின்னர் திருத்தப்பட்டு, பல வருடங்களாக அதே சனங்களை ஏற்றி இறக்கியது. வேறு படகு இல்லாதவர்கள் அதில்தானே ஏற வேண்டும்.

எங்களை வரவேற்க வந்த தீவுப் பெண் இதையெல்லாம் சொல்லி முடித்ததும், உம்மா முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, “அவங்களும் திரும்பி வருவம் எண்டுதானே ஏறியிருப்பாங்க” என்றார். அதன் பிறகு இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடியே நடந்தார்கள். ஒற்றுமையைப் பற்றி நாங்கள் நடத்துகிற கருத்தரங்குகளில் இவ்வளவு நான் கண்டதில்லை.

நெடுந்தீவைப் பற்றி எழுதுகிறவர்கள் காட்டுக் குதிரைகளையும், பெருக்கு மரத்தையும், முருகைக் கற்களை அடுக்கிக் கட்டிய மதில்களையும் பற்றி எழுதுவார்கள். எல்லாவற்றையும் நாங்களும் பார்த்தோம், அழகுதான். ஆனால் குழுப் பெண்களின் பேச்சு முழுவதும் படகைப் பற்றியே இருந்தது. “பிள்ளைத்தாச்சியெண்டா கடைசி மாதம் யாழ்ப்பாணத்தில சொந்தக்காரர் வீட்டில போய் இருக்க வேணும். மற்றப் பிள்ளையள ஆர் பார்க்கிறது அக்கா?” என்று ஒருவர் கேட்டார். தீவில் வைத்தியசாலை உண்டு, ஆனால் நோய் கடுமையானால் யாழ்ப்பாணம்தான். சோழகக் காற்று வீசும் நாட்களில் படகு நின்றுவிட்டால் கணவரில்லாத பெண்ணுக்குக் கூலி நாளும் போகும், கந்தோரில் வாங்க வேண்டிய கையெழுத்தும் போகும். 2017இல் ‘நெடுந்தாரகை’ என்ற பயணிகள் படகு வந்தது. அப்படியிருந்தும் படகு பழுதாகிற நாளை நினைத்தே அவர்கள் பயப்படுகிறார்கள்.

வெளிநாடுகளிலும் தீவுகள் இருக்கின்றன. கிரேக்க நாட்டில் மக்கள் வாழும் தீவுகள் மட்டும் இருநூறுக்கும் மேல். பிரேயஸ் துறைமுகத்திலிருந்து புறப்படும் பெரிய கப்பல்கள் அவற்றை ஊர் ஊராகத் தொட்டுப் போகும். இலாபம் வராத சிறு தீவுகளுக்கும் கப்பல் ஓட வேண்டும் என்பதற்காக அந்த நாட்டு அரசு கம்பனிகளுக்குப் பணம் கொடுக்கிறது. ஏனென்றால் அங்கே அது வீதி போடுவதைப் போன்றது. அங்கும் தவறு நடந்திருக்கிறது. 2000ஆம் ஆண்டு செப்டெம்பரில் ‘எக்ஸ்பிரஸ் சமினா’ என்ற கப்பல் பாரோஸ் தீவருகே பாறையில் மோதி 80 பேர் வரையில் இறந்தார்கள். எங்கள் நாட்டில் 2021 நவம்பர் 23இல் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதவைப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் இறந்ததை நாம் மறக்கவில்லை. அங்கே பாலம் கட்டும் வேலை முடியாத காரணத்தால்தான் பிள்ளைகள் அந்த மிதவையில் ஏறினார்கள்.

நீங்கள் நெடுந்தீவுக்குப் போக விரும்பினால் காலைப் படகில் போங்கள். வெறும் வயிற்றோடு ஏற வேண்டாம். திரும்பும் படகின் நேரத்தை இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள், தவறவிட்டால் இரவு அங்கேதான். அங்கி தராவிட்டால் வெட்கப்படாமல் கேட்டு வாங்குங்கள்.

திரும்பி வரும்போது உம்மா கீழ்த்தட்டில் இருக்க மறுத்துவிட்டார். மேலே நின்று கடலைப் பார்த்துக்கொண்டே வந்தார். காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்கு 2023இல் கப்பல் தொடங்கியது அவருக்குத் தெரிந்திருக்கிறது. “நாகூருக்குப் போக அதில எவ்வளவு எடுப்பான் மகள்?” என்று கேட்டார். முதலில் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும் என்றேன். அதற்கு அடையாள அட்டை வேண்டுமே, அதில் பெயர் பிழையாக இருக்கிறது என்றார். அந்த வேலையை இப்போது தொடங்கியிருக்கிறோம்.