வாங்கும் இடத்தில் அளந்து பாருங்கள்

காலையில் அவசரமாகக் கிளம்புகிறீர்கள். காரில் ஏறிச் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. செல்ஃப் எடுக்கவில்லை. வீட்டில் இருப்பவர், பக்கத்து வீட்டுக்காரர், வண்டியைத் தள்ள வந்தவர் எல்லோரும் ஒரே தீர்ப்பைத்தான் சொல்வார்கள்: "பேட்டரி போச்சு." நின்றுபோனது பேட்டரி, ஆகவே குற்றமும் அதன் மேல்தான். ஆட்டோ எலக்ட்ரீஷியனாக ஆயுளில் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தத் தீர்ப்பு பல நேரங்களில் தவறு. ஏன் தவறு என்று புரிந்துகொண்டால் வண்டிக்கு மட்டுமல்ல, வீட்டுக்கும் உதவும். அதற்காகத்தான் இதை இளையவர்களுக்கு எழுதுகிறேன்.

பேட்டரியிடம் கார் கேட்பது உண்மையில் மிகக் கொஞ்சம். என்ஜினைச் சுழற்றும் அந்த மூன்று நொடிக்கு ஒரு சின்னக் கார் 150 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். கேட்கப் பெரிய எண்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் செலவானது ஓர் ஆம்பியர் அவரில் எட்டில் ஒரு பங்கு. 35 ஆம்பியர் அவர் பேட்டரிக்கு இது ஒரு பொருட்டே இல்லை. என்ஜின் ஓடத் தொடங்கியதும் ஆல்டர்னேட்டர் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறது. எங்கள் பக்கத்தில் பலரும் அதை இன்றும் டைனமோ என்றுதான் சொல்வார்கள். விளக்குக்கும் ஏசிக்கும் ஹாரனுக்கும் அதுவே மின்சாரம் கொடுக்கிறது. பேட்டரி இழந்ததையும் சில நிமிடங்களில் நிரப்பிவிடுகிறது.

எடுத்ததைத் திரும்ப வைக்கலாம் என்பதுதான் இந்த வகை பேட்டரியின் சிறப்பு. 1859-ல் பிரான்ஸ் நாட்டு காஸ்டன் பிளாண்டே ஈயத் தகடுகளையும் கந்தக அமிலத்தையும் கொண்டு செய்ததே மீண்டும் சார்ஜ் ஏற்றக்கூடிய முதல் பேட்டரி. இன்றும் நம் கார்களில் பெரும்பாலும் அதன் வாரிசுதான் இருக்கிறது. ஆகவே ஒரு பேட்டரி அடிக்கடி இறங்கிப்போகிறது என்றால் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. நிரப்ப வேண்டியது வருகிறதா? வந்தும் வழியில் தடைபடுகிறதா? வந்து சேர்ந்தபின் யாருக்கும் தெரியாமல் கசிகிறதா? இந்த மூன்றிலும் பழுதில்லை என்று தெரிந்த பிறகுதான் நான்காவது கேள்வி: வாங்கி வைத்துக்கொள்ளும் சக்தி பேட்டரிக்கே போய்விட்டதா? நாம் பெரும்பாலும் நான்காவதிலேயே தொடங்கி அங்கேயே முடித்துக்கொள்கிறோம்.

சோதனையில் கண்ணும் கையும் முதலில். டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கிறதா? பிடித்து அசைத்தால் ஆடுகிறதா? பெல்ட் தேய்ந்து பளபளத்து, ஸ்டார்ட் ஆனதும் கிரீச்சென்று கத்துகிறதா? தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரி என்றால் தகடுகள் மூழ்கியிருக்கின்றனவா? குறைந்திருந்தால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊற்ற வேண்டும். போர்வெல் தண்ணீரில் உள்ள உப்பு தகட்டைக் கெடுத்துவிடும். அப்போது பக்கத்தில் பீடியோ தீக்குச்சியோ கூடவே கூடாது. சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், பொறி பட்டால் வெடிக்கும். அடுத்து, சாவியை ஆன் செய்தவுடன் டாஷ்போர்டில் பேட்டரி விளக்கு எரிய வேண்டும். என்ஜின் ஓடியதும் அணைய வேண்டும். அணையவில்லை என்றால் சார்ஜ் வரவில்லை. எரியவே இல்லை என்றாலும் நிம்மதி அடையாதீர்கள். பல பழைய வண்டிகளில் அந்த விளக்கின் வழியாகப் போகும் சிறிய மின்சாரம்தான் ஆல்டர்னேட்டரைத் தூண்டிவிடும். பல்பு போனால் அதுவும் போகும்.

பிறகு மீட்டர். வண்டி இரவு முழுக்க நின்றபின் அளந்தால், நன்றாக நிறைந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போனால் காலிக்குப் பக்கத்தில். ஆறு செல், செல்லுக்கு 2.1 வோல்ட் என்பது கணக்கு. எவ்வளவு சார்ஜ் போட்டாலும் 10.5 அளவிலேயே நின்றால் ஒரு செல் ஷார்ட் ஆகியிருக்கும். ஓடி வந்து நிறுத்தியவுடன் அளக்கக் கூடாது. அப்போது உண்மையைவிடக் கூடுதலாகத்தான் காட்டும். நிறைந்த பேட்டரியில் செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழக் கூடாது. என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டரைப் பாருங்கள். பேட்டரி கொதித்துத் தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கும்.

இவ்வளவும் தெரிந்தவர்கள்கூடத் தவறவிடும் ஓர் இடம் உண்டு. மழைக்காலத்தில் ஒருநாள் டாக்சி ஓட்டும் தம்பி ஒருவர் பட்டறைக்கு வந்தார். முகத்தில் அத்தனை சலிப்பு. "அண்ணே, பேட்டரி புதுசு மாத்தியாச்சு. டைனமோவைக் கழற்றி பிரஷ், டயோடு பிளேட்டு எல்லாம் புதுசு போட்டாச்சு. ரெண்டு நாள் ராத்திரி சவாரி போனா மூணாம் நாள் காலையில செல்ஃப் எடுக்க மாட்டேங்குது. பேட்டரிக்கடைக்காரர் ஏமாத்திட்டாரா, டைனமோ பார்த்தவர் ஏமாத்திட்டாரான்னு தெரியல."

என்ஜினை ஓட விட்டு, ஹெட்லைட், வைப்பர், ஏசி எல்லாவற்றையும் போடச் சொன்னேன். ஆல்டர்னேட்டரின் பின்பக்க போல்ட்டில் மீட்டரை வைத்தால் 14.4 வோல்ட். குறை சொல்ல ஒன்றுமில்லை. அதே நேரம் பேட்டரி டெர்மினலில் வைத்தால் 13.1. கொடுக்கும் இடத்தில் இருப்பது வாங்கும் இடத்தில் இல்லை. மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டர் போல்ட்டிலும் மறுமுனையை பேட்டரி பிளஸ்ஸிலும் வைத்தேன். ஒயர் நன்றாக இருந்தால் 0.2 அளவில் காட்ட வேண்டியது, 1.2 காட்டியது. என்ஜினை அணைத்து, பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு அந்த ஒயரை எடுத்து, நுனியில் இருந்த உறையைப் பிளேடால் கீறிப் பார்த்தோம். வெளியே பார்க்கப் புது ஒயர் போலத்தான் இருந்தது. உள்ளே, லக்கைப் பிடித்திருந்த இடத்தில் செம்பு பச்சைப் பொடியாக உதிர்ந்தது. நாலைந்து இழைகள் மட்டுமே பிடித்துக்கொண்டிருந்தன. நல்ல செம்பு தெரியும்வரை நறுக்கி, புது லக் போட்டு, பற்றவைத்து முடுக்கினோம். மறுபடி அத்தனை விளக்கையும் போட்டு அளந்தபோது பேட்டரியில் 14.2.

அந்தத் தம்பியை யாரும் ஏமாற்றவில்லை. ஆல்டர்னேட்டரைப் பார்த்தவர் பெஞ்சில் வைத்து ஓட்டி, சார்ஜ் வருகிறது என்றார், அது உண்மை. பேட்டரி விற்றவர் சரக்கு நல்லது என்றார், அதுவும் உண்மை. இரண்டு உண்மைகளுக்கும் நடுவில் இருந்த சில அடி ஒயரை யாரும் அளக்கவில்லை. இன்னொரு கொடுமையும் இதில் உண்டு. அரைகுறை சார்ஜிலேயே பல வாரம் கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு கொடுத்தாலும் முழுதாக ஏறாது. நல்ல பேட்டரியைப் பட்டினி போட்டுக் கெடுத்துவிட்டு, "பார்த்தீங்களா, நான் அப்பவே சொன்னேன், பேட்டரிதான் மட்டம்" என்பார்கள்.

மனிதர்களிடமும் நாம் இதையேதான் செய்கிறோம். எங்கள் தெருவில் ஓர் அம்மா தனியாக இருந்தார். மகன் வெளியூரில் நல்ல வேலையில் இருந்தார், மாதம் தவறாமல் பணம் அனுப்பினார். அம்மாவோ இளைத்துக்கொண்டே போனார், முன்போல் யாரோடும் பேசுவதில்லை. "பிள்ளை குறைவைக்கல, அந்தம்மா சுபாவமே அப்படி" என்று தெருவே தீர்ப்புச் சொல்லிவிட்டது. மகனுக்கும் மனக்குறை: "என்ன செஞ்சாலும் அம்மாவுக்குத் திருப்தி இல்லை." ஒருநாள் என் மனைவி அவர் வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோதுதான் தெரிந்தது, அவர் சர்க்கரை மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொண்டிருந்தார். பணம் முழுவதும் வங்கிக் கணக்கில் இருந்தது. ஏடிஎம் கார்டு பீரோவில் இருந்தது. அதைப் பயன்படுத்த அவருக்குத் தெரியாது. வங்கி வரை நடக்க முழங்கால் விடாது. பக்கத்து வீட்டில் கேட்கக் கூச்சம். மகன் கொடுத்தது உண்மை. அம்மாவுக்குக் கிடைக்காததும் உண்மை. என் மனைவி சொன்னபின் மகன் செய்தது சின்ன ஏற்பாடுதான்: தெருமுனை மருந்துக்கடையில் மாதக் கணக்கு வைத்து, மாத்திரையை வீட்டுக்கே கொடுத்தனுப்பச் சொன்னார். வாரம் ஒருமுறை போனில், "மாத்திரை வந்துச்சாம்மா?" என்று கேட்கத் தொடங்கினார். அந்த அம்மா தேறினார்.

பாசமும் இப்படித்தான். "என் பிள்ளைக்கு எல்லாம் செஞ்சேன்" என்று சொல்லும் தகப்பன் பொய் சொல்வதில்லை. "அப்பா என்னைக் கவனிச்சதே இல்லை" என்று சொல்லும் பிள்ளையும் பொய் சொல்வதில்லை. கொடுக்கும் இடத்தில் மட்டும் அளந்தால் இந்த இரண்டு பேரையும் ஒருநாளும் சேர்த்து வைக்க முடியாது. எங்கே தடைபடுகிறது என்று நடுவில் போய்த் தேட யாராவது ஒருவர் வேண்டும். வீட்டுப் பெரியவரின் வேலை அதுதான்.

கசிவையும் மறந்துவிடக் கூடாது. டிக்கியில் மூடியபின்னும் அணையாத 5 வாட் பல்பு ஒன்று நாளுக்கு 10 ஆம்பியர் அவர் தின்னும். மூன்று நாள் நின்றால் சின்னப் பேட்டரி காலி. வண்டி பூட்டி நிற்கும்போது இழுப்பு 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் ஒவ்வொரு ஃபியூஸாகக் கழற்றி, எதைக் கழற்றும்போது குறைகிறது என்று பொறுமையாகப் பார்க்க வேண்டும். சிரித்துப் பேசும் மனிதரையும் உள்ளுக்குள் ஒரு கடனோ பயமோ இரவெல்லாம் தின்றுகொண்டிருக்கலாம். அதையும் இந்தப் பொறுமையோடுதான் கண்டுபிடிக்க முடியும், அதட்டிக் கேட்டால் வெளியே வராது.

அளப்பது என்றால் எல்லாவற்றையும் மன்னித்துவிடுவது என்று பொருள் இல்லை. நம் ஊர் வெயிலில் பேட்டரிக்கு ஆயுள் குறைவு. முதல் மூன்று கேள்விக்கும் நல்ல பதில் வந்து, முழு சார்ஜ் போட்டபின்னும் செல்ஃப் அடித்தால் படுத்துவிடுகிறது என்றால், அதன் காலம் முடிந்தது. அதை வாடிக்கையாளரிடம் நேராகச் சொல்லிவிட வேண்டும். வீணாக நம்பிக்கை கொடுத்து, அவரை நடுரோட்டில் நிற்கவைப்பது நேர்மை ஆகாது.

என் வயதுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. அம்பாசிடரும் ஃபியட்டும் ஆல்டர்னேட்டர் இல்லாமல் நிஜமான டைனமோவோடு ஓடிய நாட்களில், ஓடும் என்ஜினில் பேட்டரி டெர்மினலைக் கழற்றி, வண்டி நிற்கிறதா ஓடுகிறதா என்று பார்ப்பது வழக்கம். ஆல்டர்னேட்டர் வண்டியில் அதைச் செய்தால் ஒரு நொடியில் வோல்டேஜ் தாறுமாறாக ஏறி டயோடும் வண்டியின் கம்ப்யூட்டரும் போய்விடக்கூடும். சில புதிய கார்களில் எரிபொருளை மிச்சப்படுத்தக் கம்ப்யூட்டரே சார்ஜைக் குறைத்துக் கூட்டுவதால், 13-க்குக் கீழே காட்டினாலும் பழுது என்று சொல்லிவிட முடியாது. வண்டி மாறிவிட்டது, சோதிக்கும் முறையும் மாறத்தான் வேண்டும். "நாங்க அப்படித்தான் வளர்ந்தோம்" என்று பேரப்பிள்ளைகளை நம் காலத்து முறையிலேயே சோதிப்பதும் அவர்களைக் கெடுத்துவிடும்.

இளையவர்களே, உங்களில் பலர் இனி கொடுக்கும் இடத்தில் இருக்கப்போகிறீர்கள். சம்பாதிப்பீர்கள், பிள்ளை வளர்ப்பீர்கள், நாலு பேருக்கு வேலை கொடுப்பீர்கள். உங்களைச் சேர்ந்தவர் ஒருவர் சோர்ந்து நின்றால், நான் என்ன கொடுத்தேன் என்ற கணக்கை முதலில் எடுக்காதீர்கள். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "வந்து சேர்ந்ததா? போதுமா?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்லும்வரை எழுந்து போகாதீர்கள்.