ஆல்ப்ஸ் அடிவாரத்தில் அங்கர் பால்மா (சுவிஸ் பயணம் – 6)

மலைகளைப் பற்றி இந்த வாரம் ஒரு வரியும் கிடையாது. யுங்ஃப்ராவ்யோக் உச்சிக்கு இருநூறு ஃபிராங்குக்கு மேல் கொடுத்து ஏறி, கண்ணுக்கு எதிரே அசையாமல் நின்ற மேகத்தைப் பார்த்துவிட்டு இறங்கியவனிடம் வேறென்ன எதிர்பார்க்கிறீர்கள்? பனி, ஏரி, கடிகாரக் கடை எல்லாம் முந்தைய இதழ்களில் எழுதியாயிற்று. லுசேர்னிலிருந்து பேர்ண் வந்த ரயிலைப் பற்றியும் சொல்ல ஒன்றுமில்லை. சொன்ன நேரத்துக்குக் கிளம்பியது, சொன்ன நேரத்துக்குச் சேர்ந்தது. நடுவில் தூங்கினேன்.

பேர்ணில் தங்கியது ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பத்தோடு. சென்னை நண்பர் வழியாகக் கிடைத்த பழக்கம். கணவர் ஓர் உணவகத்தின் சமையலறையில் தலைமைச் சமையல்காரர். மனைவி எட்டு வயதில் இங்கே வந்து, இங்கேயே படித்து, முதியோர் இல்லத்தில் தாதியாக வேலை பார்க்கிறார். மூன்றாம் வகுப்பில் ஒரு மகள். இவர்கள் எல்லோரையும் ஆள்வது மனைவியின் தாயார். வீட்டில் அனைவருக்கும் அவர் அம்மம்மா. அரை மணி நேரத்தில் எனக்கும் அம்மம்மா ஆகிவிட்டார்.

“இஞ்ச இருங்கோ தம்பி. முதல்ல தேத்தண்ணியைக் குடியுங்கோ, பிறகு கதைப்பம்.”

கையில் வந்த கோப்பையில் தேநீர் கெட்டியாக, செம்மண் நிறத்தில், நுரையோடு இருந்தது. ஒரு வாய் குடித்ததுமே தெரிந்தது, இது பால்மாத் தேநீர். சமையலறையை எட்டிப் பார்த்தேன். குளிர்பெட்டிக் கதவில் ஒரு லிட்டர் பால் பெட்டிகள் வரிசையாக நின்றன. பால்கனியில் நின்றால் எதிர்ச் சரிவில் மாடுகள் மேய்வது தெரியும், கழுத்து மணியும் கேட்கும். இத்தனைக்கும் நடுவே அம்மம்மா ஓர் அங்கர் பால்மாப் பொட்டலத்தைப் பிரித்து, மூன்று கரண்டி மாவைச் சீனியோடு குழைத்து, அதன்மேல் சாயத்தை வடித்து ஊற்றிக்கொண்டிருந்தார். நியூசிலாந்தில் கறந்து, மாவாக்கி, இலங்கைக்குப் போய், அங்கிருந்து உறவினர் ஒருவரின் பெட்டிக்குள் உடுப்புகளுக்கு நடுவே பேர்ண் வந்து சேர்ந்த பால்.

“கதவைத் திறந்தா மாடு நிக்குது. பிறகு ஏன் அம்மம்மா பால்மா?”

“உது தண்ணிப் பால் தம்பி. தேத்தண்ணிக்கு ஒத்துவராது. தடிப்பும் இல்லை, வாசமும் இல்லை.”

எனக்குச் சிரிப்பு வந்தது. காரணம், அதற்கு முன்பு நான் போயிருந்த வெவே என்ற ஊர். ஜெனீவா ஏரிக்குள் எட்டு மீட்டர் உயரத்துக்கு ஒரு முள்கரண்டியை நட்டு வைத்திருக்கிறார்களே, அந்த ஊர்தான். அங்கேதான் 1867இல் ஹென்றி நெஸ்லே என்ற மருந்தாளர் பாலையும் கோதுமை மாவையும் சர்க்கரையையும் சேர்த்துக் குழந்தைகளுக்கான பால்மாவு ஒன்றைச் செய்தார். அதற்கு முந்தின வருடம் காம் என்ற சின்ன ஊரில் இரண்டு அமெரிக்க சகோதரர்கள் டின்பால் தொழிற்சாலை போட்டார்கள். இரண்டு கம்பெனிகளும் 1905இல் ஒன்றாயின. மறு வருடமே நெஸ்லே இலங்கையில் கால் வைத்துவிட்டது. கறந்த பாலை விட டின்னில் இருப்பதே மேல் என்று வெப்ப நாட்டுத் தாய்மாரை நம்பவைத்ததில் இந்த வியாபாரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதைக் கண்டித்து 1977இல் அமெரிக்காவில் புறக்கணிப்பு தொடங்கி, 1981இல் உலக சுகாதார அமைப்பு தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளின் விற்பனைக்கு விதிமுறை வகுக்கும் வரை போனது. அந்தப் பாடத்தை யாழ்ப்பாணத்தில் நன்றாகப் படித்த ஒருவர், பாடம் கிளம்பிய நாட்டுக்கே வந்து உட்கார்ந்து, இந்த ஊர்ப் பால் சரியில்லை என்கிறார்.

பேத்தியின் கட்சி வேறு. காலையில் குளிர்பெட்டியிலிருந்து பாலை எடுத்து, சூடு காட்டாமல், இரண்டு கரண்டி ஓவோமால்டீன் போட்டு, அது பாதி கரையாமல் மிதக்கும்போதே குடித்துவிட்டுப் பள்ளிக்கு ஓடுகிறாள். மேலே மிதப்பதை மென்று தின்பதுதான் அதில் ருசியாம். இந்தப் பேரைக் கேட்டதும் எனக்குப் பொறி தட்டியது. எங்கள் பாட்டி வீட்டுப் பரணில் அரிசி அளக்கப் போட்டிருந்த ஓவல்டின் டப்பாவின் பூர்வீகம் இந்த பேர்ண் நகரம்தான்! 1904இல் ஆல்பர்ட் வாண்டர் என்பவர் மால்ட், பால், முட்டை, கோகோ சேர்த்து நோயாளிகளுக்கும் பலவீனமானவர்களுக்கும் சத்துப் பானமாக இதைக் கொண்டுவந்தார். 1909இல் இங்கிலாந்துக்குப் போனபோது பேர் ஓவல்டின் என்று சுருங்கியது. பிறகு ஆங்கிலேயன் போன இடமெல்லாம் போய், எங்கள் பரணையும் வந்தடைந்தது. பேர்ணுக்குப் பக்கத்தில் நொயெனெக்கில் இன்றும் தொழிற்சாலை ஓடுகிறது.

நகரத்தில் ஒரு கஃபேயில் கேட்டுப் பார்த்தேன். ஒரு கோப்பை சூடான பாலும், பக்கத்தில் ஒரு சிறு பொட்டலமும் கொண்டுவந்து வைத்தார்கள். கலக்குவது நம் வேலை. ஐந்து ஃபிராங்குக்கு மேல், அதாவது ஐந்நூறு ரூபாய்க்கு மேல். இந்தத் தொகைக்குக் கலக்கியாவது தரலாம். இங்கே பனிச்சறுக்குப் போகிறவர்களும் மாரத்தான் ஓடுகிறவர்களும் குடிக்கிற பானமாக இதை விளம்பரம் செய்கிறார்கள். நம் ஹார்லிக்ஸ் கதையும் இப்படித்தான். 1873இல் அமெரிக்காவில் இரண்டு ஆங்கிலேய சகோதரர்கள் தொடங்கியது. இங்கிலாந்தில் அதைத் தூக்கம் வருவதற்காக இரவில் குடிக்கிறார்கள். 1960இல் பஞ்சாபின் நாபாவில் தொழிற்சாலை வந்த பிறகு நம் ஊரில் அது பரீட்சைக்குக் கண்விழிக்கிற பிள்ளைக்கும், ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற மாமாவுக்கும் உரியதாயிற்று. ஒரே மாவுதான், ஒரு நாட்டில் தூங்க வைக்கிறது, இன்னொரு நாட்டில் விழிக்க வைக்கிறது. 2024 ஏப்ரலில் இந்திய வணிக அமைச்சகம், இந்த வகைப் பானங்களை ‘ஆரோக்கிய பானம்’ என்ற தலைப்பில் போட்டு விற்காதீர்கள் என்று இணையக் கடைகளுக்கு எழுதியது. நாபா வந்து அறுபது வருடம் ஆன பிறகு.

இனி அந்த வீட்டில் பாலை வைத்து நடந்த சண்டைக்கு வருகிறேன். இரண்டாம் நாள் காலை. பேத்திக்கு இருமல்.

“காய்ச்சாத பாலைக் குளிரக் குளிரக் குடிச்சா நெஞ்சில சளி கட்டாமல் என்ன செய்யும்?” என்று அம்மம்மா ஆரம்பித்தார்.

“அம்மா, அந்தப் பால் காய்ச்சித்தான் பெட்டியில வருது. நீங்கள் திரும்பக் காய்ச்சத் தேவையில்லை. வகுப்பில எல்லாப் பிள்ளையளுக்கும் இருமல்.”

“எல்லாப் பிள்ளையளும் குளிர்ப் பால்தானே குடிக்குதுகள்!”

இந்த வாதத்துக்கு மகளிடம் பதில் இல்லை. தாதி வேலையில் கற்றதையெல்லாம் சொன்னார். கிருமி, வெப்பநிலை, சளிக்கும் பாலுக்கும் தொடர்பில்லை என்பது, எல்லாம் சரியான விஷயங்கள். அம்மம்மா அதற்குள் பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டார். பேத்தி, சூடாக்கினால் ஆடை வரும், வேண்டாம் என்று அழ, பஸ் போய்விட, மருமகன் காரை எடுக்க வேண்டியதாயிற்று. என் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை. ஆவின் நீலப் பாக்கெட்டானாலும் பச்சைப் பாக்கெட்டானாலும் மூன்று முறை பொங்கவிட்டு வளர்ந்தவன் நான், அம்மம்மா பக்கம்தான்.

மகள் பிறகு தேநீரோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். தான் சிறுமியாக வந்த புதிதில் பள்ளிக்கூடம் பனிக்காலத்தில் மலைக்கு முகாம் அழைத்துப் போனதாம். காலையில் ரொட்டியோடு ஒரு பெரிய கிண்ணம் குளிர்ந்த பால். மற்றப் பிள்ளைகள் மடமடவென்று குடிக்க, இவருக்குக் குமட்டியிருக்கிறது. கிண்ணத்தோடு வெளியே போய்ப் பனியில் கொட்டிவிட்டார். வெள்ளையில் வெள்ளை, யாருக்கும் தெரியவில்லை. முகாம் முடியும்வரை அப்படியே. “இப்ப என்ர பிள்ளை குளிர்ப் பால் குடிச்சா எனக்குச் சந்தோசமாக் கிடக்கு. அது அம்மாவுக்கு விளங்காது” என்றார். அப்போது அவர் குடித்துக்கொண்டிருந்ததும் பால்மாத் தேநீர்தான்.

அன்று மாலை சமாதான முயற்சியாக, மருமகன் எங்களைப் பக்கத்துக் கிராமத்துப் பண்ணைக்கு அழைத்துப்போனார். இந்தப் பயணத்தில் என்னை மயக்கிய இடம் அதுதான். யுங்ஃப்ராவ்யோக் அல்ல. மாட்டுக்கொட்டில் ஓரமாக ஒரு மரக்கூடாரம். உள்ளே எஃகில் ஓர் இயந்திரம். காசைப் போட்டு, நாம் கொண்டுபோன போத்தலை வைத்து, பொத்தானை அழுத்தினால் அன்று கறந்த பால் கொட்டுகிறது. பக்கத்து அலமாரியில் முட்டை, உருளைக்கிழங்கு, ஜாம். எடுத்துக்கொண்டு தகரப் பெட்டியில் காசைப் போட வேண்டியது. ஆளே கிடையாது. எங்கள் தெருத் தண்ணீர்ப் பந்தலில் டம்ளரைச் சங்கிலி போட்டுக் கட்டியிருப்பார்கள். அந்த நினைவோடு கொஞ்ச நேரம் தகரப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுத்தம் பற்றியும் சொல்ல வேண்டும். கொட்டில் பக்கத்தில், ஆனால் கூடாரத்துக்குள் ஓர் ஈ இல்லை.

எங்களிடம் பத்து ஃபிராங்குத் தாள்தான் இருந்தது. இயந்திரமோ சில்லறைதான் ஏற்கும். விழித்துக்கொண்டிருந்தபோது ரப்பர் பூட்ஸோடு பண்ணைக்கார அம்மா வந்தார். நிலைமையைப் பார்த்தார். மேலங்கிப் பையிலிருந்து நாணயங்களை எடுத்துத் தானே போட்டார். தாளை நீட்டினோம், வாங்கவில்லை. அடுத்த முறை வரும்போது பெட்டியில் போடுங்கள் என்று சொல்லிவிட்டார். அம்மம்மாவுக்குச் சும்மா வர மனம் வரவில்லை. கைப்பையைத் துழாவி, ஊரிலிருந்து வந்த பனங்கட்டித் துண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மா முகர்ந்து பார்த்தார், வாயில் போட்டார், கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்கூடக் கிடையாது.

இயந்திரத்தின் மேல் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. மருமகன் வாசித்துச் சொன்னார்: இது பச்சைப் பால், குடிக்குமுன் 70 பாகைக்கு மேல் சூடாக்க வேண்டும். இந்த நாட்டுச் சட்டமே அப்படி.

“பாத்தியளோ! காய்ச்சச் சொல்லி அரசாங்கமே எழுதி வச்சிருக்கு. இதைப் படம் எடுங்கோ, அவளுக்குக் காட்டவேணும்.”

எடுத்தோம். காட்டினோம். மகள் ஒன்றும் பேசவில்லை.

பால் பொங்கியது. மேலே விரல் தடிமனுக்கு ஆடை. சென்னையிலிருந்து கொண்டுவந்த காப்பிப் பொடியைக் கடைசிக் கரண்டிவரை வழித்துப் போட்டு டிகாக்‌ஷன் இறக்கினேன். ஊரை விட்டுக் கிளம்பிய பிறகு குடித்த ஒரே உருப்படியான காப்பி. பேத்தி கோப்பையை முகர்ந்துவிட்டு “மாடு மணக்குது” என்று தள்ளிவைத்தாள். ரிவெல்லா கேட்டாள். அது 1952இலிருந்து இங்கே விற்கும் குளிர்பானம், பாலாடைக்கட்டி செய்தபின் மிஞ்சும் தெளிநீரில் செய்வது. மாடு மணக்காதாம். நான் ஒரு மடக்கு குடித்தேன், இரண்டாவது மடக்கு வேண்டியிருக்கவில்லை. அம்மம்மா புதுப் பாலில் தேநீர் போட்டு முழுதும் குடித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: “நல்லாத்தான் கிடக்கு. ஆனா இது தேத்தண்ணி இல்லை.”

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று இரவில் கேட்டேன். ஊரில் அவர்களுக்கும் பசு இருந்ததாம், இரண்டு. 1995 அக்டோபர் 30ஆம் தேதி இரவு, போருக்குப் பயந்து யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதி முழுவதும் ஊரை விட்டுக் கிளம்பியபோது இவர்களும் கிளம்பினார்கள். “மாட்டைக் கயிறை அவிட்டு விட்டிட்டு வந்தம் தம்பி. வேற என்ன செய்யிறது. இவளுக்கு அப்ப அஞ்சு வயசு. ஒரு கையில இவள், மற்றக் கையில பால்மா ரின். நாவற்குழிப் பாலத்தடியில சனம் அசையேல்லை, விடியும்வரை நிண்டம். மழைத் தண்ணியில கரைச்சுக் குடுத்தன். மாட்டைத் தூக்கிக்கொண்டு வரேலுமோ?”

நான் மேலே ஒன்றும் கேட்கவில்லை.

2022 மார்ச்சில் இலங்கையில் டாலர் வற்றியபோது 400 கிராம் பால்மா ஒரே தடவையில் 250 ரூபாய் ஏறியது, கடைகளில் பால்தேநீர் 100 ரூபாய் ஆனது. அந்த வருடம் இந்த வீட்டிலிருந்து ஊருக்குப் போன பெட்டிகளில் சுவிஸ் பால்மா போயிருக்கிறது. வந்து சேர்ந்த விவரத்தோடு அம்மம்மாவின் தங்கை தொலைபேசியில் ஒரு குறையும் சொன்னாராம்: “அங்கர் மாதிரி இல்லை.”

சுவிஸுக்கு வரப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் பயணிகள் பால்பொருளும் இறைச்சியும் கொண்டுவருவது இங்கே சட்டப்படி கூடாது. கைக்குழந்தைப் பால்மாவுக்கு மட்டும் அளவோடு விலக்கு உண்டு. சுங்கத்தில் பெட்டியைத் திறந்தால் திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் குப்பைக்குத்தான் போகும். காப்பிப் பொடிக்கும் பனங்கட்டிக்கும் இந்தத் தடை கிடையாது, தாராளமாகக் கொண்டுவாருங்கள். சில்லறைக் காசும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த இதழில் மிலான், அதோடு தொடரை முடித்துக்கொள்கிறேன்.