பற்று, வரவு, பஸ் ஸ்டாண்டு

எந்த ஊருக்குக் குடி போகலாம் என்று நாலு பேரிடம் கேட்டுவிடாதீர்கள். பெண் பார்க்கிற விஷயத்தில்கூட கொஞ்சம் இழுத்துப் பேசுகிறவர்கள், ஊர் விஷயத்தில் பட்டென்று தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். அதுவும் கீழ்பென்னாத்தூரில் கேட்டால் சொல்லவே வேண்டாம். திருவண்ணாமலைக்கும் செஞ்சிக்கும் நடுவில், திண்டிவனம் - கிருஷ்ணகிரி தேசிய நெடுஞ்சாலையைத் தொட்டுக்கொண்டிருக்கிற பேரூராட்சி எங்களுடையது. ரோட்டுக்கு ஒரு பக்கம் நின்றால் சென்னை திசை. எதிர்ப்பக்கம் போய் நின்றால் பெங்களூர் திசை. அதனால் தெருவுக்குத் தெரு சென்னை கோஷ்டி ஒன்று, பெங்களூர் கோஷ்டி ஒன்று. பொங்கலுக்கு இரண்டு கோஷ்டியும் ஊருக்கு வந்தால் டீக்கடையில் நடக்கிற பட்டிமன்றத்துக்கு நடுவரே தேவையில்லை. யாரும் யார் சொல்வதையும் கேட்பதில்லை!

எங்கள் வீட்டுக்கு இந்தக் கேள்வி தபாலில் வந்தது. என் மனைவி வேலை பார்க்கும் கம்பெனி திருவண்ணாமலைக் கிளையை மூடுகிறதாம். சென்னை, பெங்களூர், கோயமுத்தூர் மூன்றில் எது வேண்டும் என்று மாசக் கடைசிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். "உங்களுக்கென்ன, எங்கே உட்கார்ந்தாலும் எழுதலாம்" என்றாள் என் மனைவி. எழுதலாம்தான். செக் எந்த ஊருக்கு வந்தாலும் லேட்டாகத்தான் வரப் போகிறது.

பி.காம். படித்தவன் வேறென்ன செய்வான்? ஒரு நோட்டை எடுத்து நடுவில் கோடு கிழித்தேன். இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு. மூன்று ஊருக்கும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுவதென்று ஏற்பாடு.

முதலில் பெங்களூர். கடல் மட்டத்துக்கு மேல் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் சாயங்காலம் ஆனால் ஜில்லென்று ஒரு காற்று வருகிறது. கத்திரி வெயிலில் வறுபட்டுப் போன எங்கள் ஊர்க்காரனுக்கு அந்தக் காற்று ஒன்றே போதும், சொத்தை எழுதிக் கொடுத்துவிடுவான். அல்சூர் பக்கம் போனால் தமிழை வைத்துக்கொண்டே ஒரு நாளை ஓட்டிவிடலாம். 2011-ல் ஆரம்பித்த மெட்ரோ ரயில் இருக்கிறது. வரவுப் பக்கம் மளமளவென்று நிரம்பியது.

பற்றுப் பக்கமும் சளைக்கவில்லை. சில்க் போர்டு சந்திப்பில் பஸ் நின்ற நேரத்தில் பக்கத்து சீட்டுக்காரர் தன் பெண்ணின் கல்யாணக் கதையை வளைகாப்பு வரை சொல்லி முடித்துவிட்டார். தண்ணீர் வேறு. அந்த ஊர் குடிக்கிற காவிரித் தண்ணீரைச் சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து பம்ப் போட்டு மேட்டுக்கு ஏற்ற வேண்டும். 2024 கோடையில் போர்வெல்கள் வறண்டு, லாரித் தண்ணீருக்கு ஊரே அடித்துக்கொண்டது. அதே வருஷம் அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் வந்தது. நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் தருவதற்கான திட்டம். நான் பார்த்த வீட்டுக்குக் குழாய் இருந்தது. அட்வான்ஸ்தான் பத்து மாத வாடகை!

அடுத்தது கோயமுத்தூர். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று, சிறுவாணித் தண்ணீர், "ஏனுங்", "வாங்க" என்கிற மரியாதை. பஸ் கண்டக்டர் என்னை "தள்ளி நில்லுங்க தம்பி" என்றபோது, திட்டுகிறாரா உபசரிக்கிறாரா என்று புரியாமல் திரும்பிப் பார்த்தேன். 1888-ல் வந்த ஸ்டேன்ஸ் மில், 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் வரிசையாக எழுந்த பஞ்சாலைகள், அப்புறம் பம்பு செட்டு, வெட் கிரைண்டர் என்று உழைத்தே முன்னுக்கு வந்த ஊர். சும்மா உட்கார்ந்து யோசிக்கிற என் போன்றவனை அங்கே எல்லோரும் கொஞ்சம் பரிதாபமாகத்தான் பார்க்கிறார்கள். பற்றுப் பக்கம் எழுத ஒன்றுமே கிடைக்காமல் தவித்தேன்.

கடைசியில் சென்னை. அதைப் பற்றி எழுதப் பற்றுப் பக்கம் போதாமல் இன்னொரு நோட்டு வாங்கலாமா என்று தோன்றியது. வெயில், வியர்வை, கொசு. 2015 டிசம்பரில் வெள்ளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு மறுபடியும் வெள்ளம். நடுவில் 2019-ல் தலைகீழ். ஏரிகள் காய்ந்து, ஜோலார்பேட்டையிலிருந்து 50 வாகன் ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ஏற்றி வர வேண்டியதாகிவிட்டது. ஒன்று முழுக வேண்டும், இல்லாவிட்டால் காய வேண்டும். நடுத்தரமாக இருக்கவே தெரியாத ஊர். வரவுப் பக்கம் பீச், மின்சார ரயில், எந்த வேலைக்கும் ஓர் ஆள் என்று மூன்றே வரி. அட்வான்ஸ் விஷயத்தில் மட்டும் ஓர் ஆறுதல். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிற தமிழ்நாட்டுச் சட்டம் 2019-ல் அமலுக்கு வந்தது. அந்த "வேறு மாதிரி"யை வீட்டுக்காரர்கள் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுகிறார்கள் என்பது தனிக் கதை.

கூட்டிக் கழித்துப் பார்த்தால் கோயமுத்தூர் அமோகமாக ஜெயித்திருந்தது. நோட்டை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அம்மா மல்லாட்டை உடைத்துக்கொண்டே கேட்டாள். (வேர்க்கடலை என்று சொன்னால் எங்கள் ஊரில் வெளியூர்க்காரன் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.) எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி போட்டாள்.

"அதெல்லாம் இருக்கட்டும்டா. அங்கேர்ந்து நம்மூருக்கு வர எம்மா நேரம் ஆவும்?"

அந்த வரி என் நோட்டில் இல்லை.

அம்மா எங்களோடு வர மாட்டாள். இரண்டு மாடு, ஒரு ஏக்கர் மல்லாட்டைக் கொல்லி, அப்பா கட்டிய வீடு. போன ஐப்பசி மழையில் ராத்திரி பதினோரு மணிக்குத் தோட்டத்துப் பக்கம் வழுக்கி விழுந்தாள். நானும் என் மனைவியும் தூக்கி ஆட்டோவில் போட்டு, இருபது கிலோமீட்டர் தள்ளியிருக்கிற திருவண்ணாமலைக்கு அரை மணியில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். அடுத்த ஐப்பசியில் பக்கத்து வீட்டுக்காரர் எனக்குப் போன்தான் பண்ண முடியும்.

நோட்டில் புதுப் பக்கம் போட்டேன். கோயமுத்தூர் 300 கிலோமீட்டருக்கு மேல்; ராத்திரி பஸ் ஏறினால் விடிந்துதான் இறங்கலாம். பெங்களூர் இருநூற்றுச் சொச்சம்; ஓசூர் தாண்டி, கிருஷ்ணகிரி, செங்கம் என்று வந்து சேர ஐந்தாறு மணி நேரம். திண்டிவனம் - செஞ்சி - திருவண்ணாமலை ரயில் பாதை என்று ஒன்று பட்ஜெட்டில் வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அதை நம்பிக் குடித்தனம் வைக்க முடியாது. சென்னை? இங்கேதான் ஒரு வேடிக்கை.

2023 டிசம்பர் 30-ம் தேதி கிளாம்பாக்கத்தில் புது பஸ் நிலையம் திறந்தார்கள். தென் மாவட்ட பஸ்களெல்லாம் கோயம்பேட்டை விட்டு அங்கே போனதும், "ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டார்களே" என்று சென்னைவாசிகள் இன்றைக்கும் புலம்புகிறார்கள். பெரம்பூர்க்காரருக்கு அது நியாயமான கோபம். எங்களுக்கோ அது நம் வீட்டு வாசலை நோக்கி முப்பது கிலோமீட்டர் நகர்ந்து வந்த பஸ் ஸ்டாண்டு! அங்கே ஏறினால் திண்டிவனம், செஞ்சி, அப்புறம் கீழ்பென்னாத்தூர்தான். மூன்று, மூன்றரை மணி நேரம். அந்தப் பக்கமே வீடு பார்த்தால் சென்னையின் டிராஃபிக்கைத் தொடாமலே ஊருக்கு ஓடி வந்துவிடலாம்.

ஆக, ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, முடிச்சூர் என்று அலைந்தோம். ஒரு வீட்டில் சுவருக்குப் புது பெயிண்ட், ஆனால் இடுப்பளவுக்கு மட்டும். "ஃபேஷன்" என்றார் வீட்டுக்காரர். எதிர்வீட்டுப் பாட்டி, "தண்ணி அதுவரைக்கும்தான் வந்தது கண்ணு" என்றார். மாடி வீடாகவே பார்த்து முடித்தோம். ரயில்வே ஸ்டேஷனுக்குப் பத்து நிமிஷம், கிளாம்பாக்கத்துக்கு ஷேர் ஆட்டோ. என் மனைவி மாசக் கடைசிக்கு மூன்று நாள் முன்னாலேயே "சென்னை" என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

ஊர் தேடுகிறவர்களுக்கு என்னாலான யோசனை இதுதான். சம்பளம், வாடகை, தண்ணீர், காற்று எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால், ராத்திரி பதினோரு மணிக்குப் போன் வந்தால் எத்தனை மணிக்கு ஊரில் இருப்பீர்கள் என்பதை முதல் வரியில் எழுதுங்கள். மிச்சக் கணக்கு தன்னால் சரியாகிவிடும்.

ஒரு பாக்கி மட்டும் இருக்கிறது. பௌர்ணமி! கிரிவலத்துக்காகக் கூட்டம் திருவண்ணாமலையை நோக்கித் திரண்டு வரும் நாளில், அந்த ரூட் பஸ்ஸில் ஒற்றைக் காலில் நிற்பதற்குக்கூட இடம் பிடிக்க வேண்டும். இதை அம்மாவிடம் சொல்லி, "அன்னிக்கு மட்டும் என்ன பண்றதுன்னு தெரியலம்மா" என்றேன்.

அம்மா உடைத்த மல்லாட்டையை முறத்தில் போட்டுப் புடைத்தபடி சொன்னாள்:

"பௌர்ணமில எனக்கு ஒண்ணும் ஆவாம நான் பாத்துக்கறேன். நீ மத்த நாள்ல வா."