பிணவறைக்குப் புதுக் கட்டடம் மட்டும் போதுமா?

மாவட்டத்துக்கு மாவட்டம் புதிய பிரேதப் பரிசோதனைக் கூடங்கள் திறக்கிறார்கள். ரிப்பன், கல்வெட்டு, எத்தனை உடல் வைக்கும் குளிர்பதனப் பெட்டி என்று செய்தி வருகிறது. வரவேற்போம். ஆனால் சேரி மக்களுக்கு அந்த அறையின் பொருள் வேறு. நம் பிள்ளையின் சாவு கொலையா தற்கொலையா என்று முதன்முதலில் தாளில் ஏறும் இடம் அது.

2015 ஜூன் 24 அன்று பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் கோகுல்ராஜின் உடல் கிடந்தது. தற்கொலை என்று நம்ப வைக்கக் கடிதமும் இருந்தது. சந்தேக மரணம் என்று பதிவான வழக்கு, உடற்கூறு ஆய்வுக்குப் பிறகுதான் கொலை வழக்கானது. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் யுவராஜுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2023 ஜூனில் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்த மேசையில் வேறு மாதிரி எழுதியிருந்தால்?

நிவாரணமும் இதில்தான் தொங்குகிறது. வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி, கொலை வழக்கில் பாதித் தொகை பிரேதப் பரிசோதனை முடிந்ததும் தரப்பட வேண்டும். மீதி, குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போனதும்.

எங்கள் தென்னேரியில் ஒருவர் சந்தேகமாக இறந்தால் உடல் வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரம் போகும். 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. பட்டுக்கும் கோயிலுக்கும் பேர்போன காஞ்சிபுரம் அந்தப் பட்டியலில் இல்லை. மருத்துவக் கல்லூரி என்றால் தடயவியல் மருத்துவத் துறை இருக்கும், அதற்கென்றே படித்த மருத்துவர் இருப்பார். அது இல்லாத இடத்தில், காலையில் காய்ச்சலுக்கு மாத்திரை எழுதிய மருத்துவரே மதியம் கழுத்துக் காயத்துக்கும் காரணம் எழுத வேண்டியிருக்கிறது. அவரைக் குறை சொல்லவில்லை. ஆள் போடாத அரசைத்தான் கேட்கிறேன்.

சமூகப் பணிக்கு வந்த நாளிலிருந்து பல குடும்பங்களோடு பிணவறை வாசலில் நின்றிருக்கிறேன். ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "எம்புள்ள முதுகுல இருந்த காயத்த எழுதுனாங்களாம்மா?" உள்ளே போய்க் கேட்க அவருக்கு வழியில்லை. வெளியே வந்தவரோ துணிக்கும் பிளாஸ்டிக் உறைக்கும் காசு கேட்டார்.

காசு கேட்டவரும் நம் சாதிக்காரர்தான். 1836-இல் கல்கத்தாவில் மதுசூதன் குப்தா மனித உடலை அறுத்தது வரலாறானது. உயர்சாதிக்காரர் ஒருவர் பிணத்தைத் தொட்டுவிட்டாரே என்பதால் வந்த வரலாறு அது. காலங்காலமாகப் பிணத்தைத் தொட்டுத் தூக்கிய நம் ஆட்களுக்கு வரலாறும் இல்லை, பல இடங்களில் நிரந்தர வேலையும் இல்லை. நான் பார்த்த பிணவறைகளில் அறுப்பதும் தைப்பதும் கழுவுவதும் அவர்கள்தான். கையெழுத்து மட்டும் வேறொருவருடையது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2021 நவம்பரில் ஒன்றிய சுகாதார அமைச்சகம் இரவிலும் பிரேதப் பரிசோதனை செய்யலாம் என்றது. கொலை, தற்கொலை, பாலியல் வன்கொடுமை வழக்குகளுக்கு விலக்கு உண்டு. ஆனால் "சட்டம் ஒழுங்குப் பிரச்சினை" என்றால் அவற்றையும் இரவில் செய்யலாம். நாம் நீதி கேட்டு நாலு பேர் கூடினாலே அதற்குப் பெயர் சட்டம் ஒழுங்குப் பிரச்சினைதானே? இரவில் செய்தால் வீடியோ கட்டாயம் என்று அதே உத்தரவு சொல்கிறது. அதை நாம் கேட்டு வாங்க வேண்டும்.

ஆகவே புதுக் கட்டடம் திறக்க வருகிறவர்களிடம் கேட்போம். தடயவியல் மருத்துவர் எங்கே? சந்தேக மரணம் எதுவானாலும் வீடியோ எடுப்பீர்களா? அறுப்பதற்கு முன் உடலைக் குடும்பத்துக்குக் காட்டுவீர்களா? அறிக்கை நகலை அலையவிடாமல் கொடுப்பீர்களா? உள்ளே வேலை செய்கிறவருக்கு நிரந்தரப் பணியும் கையுறையும் உண்டா?

இதற்கெல்லாம் பதில் இல்லையென்றால், அது ஏசி போட்ட பழைய பிணவறைதான்.