சொன்ன சொல்லில் ஓடும் கார்

போன கிழமை ஒஸ்லோவில் ஒரு பிறந்தநாள் விருந்து. சாப்பாட்டு மேசையில் கதை காருக்குத் திரும்பியது. ஐந்து வருடத் தடைக்குப் பிறகு 2025 பெப்ரவரியில் இலங்கை கார் இறக்குமதியைத் திறந்துவிட்டதையும், யாழ்ப்பாணத்திலிருக்கும் என் மருமகன் மின்கார் வாங்க யோசிப்பதையும் சொன்னேன். பக்கத்திலிருந்தவர் உடனே சொன்னார்: "அண்ணை, உது எங்கட சனத்துக்குச் சரிவராது. வெள்ளைக்காரன் சுற்றுச்சூழலை யோசிச்சு வாங்கிறான். நாங்கள் விலையை மட்டும்தான் பார்ப்பம்."

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

நோர்வேக்காரரும் விலையைத்தான் பார்த்தார்கள். 2024இல் இங்கே விற்ற புதிய கார்களில் நூற்றுக்கு 89 மின்கார். குளிர் கூடக் கூட பற்றரியின் ஓட்டம் குறையும் நாட்டில் இது நடந்திருக்கிறது. தை மாதக் காலையில் மின்னேற்றும் கம்பி விறைத்துக் கம்பாகி நிற்கும். கையுறையோடு அதைச் சுருட்டி வைப்பதே ஒரு வேலை. அப்படியிருந்தும் வாங்கினார்கள் என்றால் காரணம் வரி. இங்கே பெற்றோல் காருக்குப் பதிவு வரி கொழுத்தது. மின்காருக்கு அது 1990இலேயே நீக்கப்பட்டது. 1997இல் வீதிச் சுங்கம் விலக்கு. 2001இல் விற்பனை வரி விலக்கு. 2005இல் பேருந்துப் பாதையில் ஓடவும் அனுமதி.

இதற்குப் பின்னால் ஒரு போராட்டக் கதையும் உண்டு. 1989இல் ஆ-ஹா இசைக்குழுவினரும் சூழலியல்வாதி பிரெட்ரிக் ஹௌகேயும் ஒரு சின்ன பியற் பாண்டா காரை மின்சாரத்தில் ஓட்டிக்கொண்டு, சுங்கம் கட்டமாட்டோம் என்று சாவடிகளைக் கடந்து போனார்கள். அதிகாரிகள் காரைப் பறித்து ஏலம் விட்டார்கள். போராடியவர்களே அதை ஏலத்தில் திரும்ப எடுத்தார்கள். எட்டு வருடத்தில் அவர்கள் கேட்டது சட்டமாயிற்று.

நான் இந்த நாட்டில் மிகவும் மதிப்பது சொன்ன சொல்லைக் காப்பதைத்தான். தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தது, வலதுசாரிகள் வந்தார்கள், திரும்பவும் தொழிற்கட்சி வந்தது. மின்காருக்குக் கொடுத்த வாக்கு நின்றது. சலுகையைக் குறைக்கும்போதும் படிப்படியாகத்தான் குறைத்தார்கள்: 2023இல், ஐந்து லட்சம் குரோனருக்கு மேற்பட்ட பங்குக்கு மட்டும் விற்பனை வரி போட்டார்கள். சம்பளக்காரன் ஒருவன் ஐந்து வருடக் கடனைக் கணக்குப் போட்டு வாங்கலாம். அரசாங்கம் சொன்ன சொல்லை நம்பிக் காசை இறக்கலாம் என்பது எவ்வளவு பெரிய செல்வம்! அதோடு, அருவிகளும் அணைகளும் மின்சாரம் தரும் நாடு இது. வடகடல் எண்ணெயை உலகத்துக்கு விற்று வரும் பணமும் கையில் இருக்கிறது. அந்த வசதி இருப்பவர்கள் சூழலை நேசிப்பதில் எங்களைவிட உயர்ந்தவர்கள் என்று என்னால் ஏற்க முடியாது.

எங்கள் சனத்துக்குச் சரிவராதாம்! 1990இல் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் நின்றபோது யாழ்ப்பாணம் முடங்கிக் கிடக்கவில்லை. எங்கள் ஒழுங்கையில் ஓர் ஏ40 கார் நின்றது. அதன் சாரதி பொனற்றைத் திறந்து, சின்னப் போத்தலில் பொத்தி வைத்திருந்த பெற்றோலில் சில சொட்டுகளைக் காபரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தைக் கிளப்புவார். அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். வெண்புகையும் கண்ணெரிச்சலுமாக அந்தக் கார் பிள்ளைப்பேற்றுக்குப் போன பெண்களை ஆஸ்பத்திரியில் சேர்த்தது. எந்த எரிபொருளிலும் வண்டியை ஓட்டத் தெரிந்த சனம் அது. மின்காருக்கு மாற அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அவர்களுக்குக் கிடைக்காதது நிலையான வாக்கு. 2015இல் இலங்கையில் மின்காருக்கு வரி குறைவாக இருந்தது. நிசான் லீவ் கார்கள் வந்து இறங்கின. வருடம் முடியுமுன் வரியை ஏற்றினார்கள். 2020இல் இறக்குமதியையே நிறுத்தினார்கள். 2022இல் சனம் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றது.

வளர்ந்த நாடுகளால்தான் மின்காருக்கு மாற முடியும் என்பதும் பொய். எத்தியோப்பியா 2024இல் பெற்றோல், டீசல் கார் இறக்குமதியை நிறுத்தியது. எரிபொருளுக்கு அழும் அந்நியச் செலாவணி கட்டுப்படியாகவில்லை. நேபாளம் மின்காருக்கு வரியைத் தாழ்த்தி வைத்தது. சீனக் கார்கள் மலைப்பாதைகளில் ஏறுகின்றன. இரண்டு நாட்டிலும் நோர்வேயைப் போல நீர்மின்சாரம் உண்டு. இலங்கையில் வெயில் உண்டு. 2025 சித்திரை விடுமுறையில் மின்தேவை குறைந்தபோது, கூரைச் சூரியத் தகடுகளைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சாரசபை கேட்டுக்கொண்டது. குடிக்க ஆளில்லாமல் போன அந்த மின்சாரம், முற்றத்தில் நிற்கும் கார்களுக்குப் போயிருக்க வேண்டியது.

நேற்று மருமகன் தொலைபேசியில் வந்தான். "மாமா, வெயிலுக்குப் பற்றரி தாங்குமோ?" என்று கேட்டான். "நிழலில விடு, ஒவ்வொரு நாளும் முழுசா ஏற்றாத" என்றேன். அடுத்ததாக, "அடுத்த வருசம் வரியை மாத்தமாட்டினம்தானே?" என்றான்.

முப்பது வருடமாக இந்த நாட்டில் நான் ஒருவரிடமும் கேட்கத் தேவைப்படாத கேள்வி அது. "தெரியாது தம்பி" என்றேன்.