புக்கிட் ரோத்தானில் ஒரு திடல் இருந்தது

கோல சிலாங்கூர் என்றதும் நம்மில் பலருக்குச் சில இடங்கள் உடனே ஞாபகம் வரும். கம்போங் குவாந்தானில் இரவுப் படகேறிப் பார்க்கும் மின்மினிகள், மெலாவாத்தி குன்றின் கலங்கரை விளக்கமும் குரங்குகளும், பாசிர் பெனாம்பாங்கின் மீன் சாப்பாடு. புக்கிட் ரோத்தான் என்றால் 2013-இல் குடமுழுக்கு கண்ட ஸ்ரீ சக்தி தேவஸ்தானம். வார இறுதியில் அதன் சிற்பங்களைப் பார்க்கப் பேருந்து பேருந்தாக வருகிறார்கள்.

நான் சொல்லப்போகும் இடம் இந்தப் பட்டியலில் இல்லை. அது ஒரு காற்பந்துத் திடல். இப்போது அங்கே திடலும் இல்லை.

போன பள்ளி விடுமுறையில் மகனை அழைத்துக்கொண்டு ரவாங்கிலிருந்து கிளம்பினேன். பதினான்கு வயது. லிவர்பூல் ஜெர்சி போட்டுக்கொண்டு காரின் பின் இருக்கையில் பந்தோடு உட்கார்ந்திருந்தான். அவன் விளையாடுவது கூரை போட்ட ஃபுட்சால் அரங்கில், மணிக் கணக்கில் வாடகை கட்டி. "தோட்டத்துல சும்மாவே விளையாடுவீங்களாப்பா?" என்று வழியில் கேட்டான்.

2011-இல் திறந்த லாத்தார் நெடுஞ்சாலை ஈஜோக்கில் கொண்டுவந்து விட்டுவிடுகிறது. அங்கே ஒரு தாமான் வீட்டில் இருக்கிறார் என் அண்ணன். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. வலது முழங்கால் வீக்கம். பல வருடம் செம்பனைக் குலை லோரி ஓட்டியவர். அவரையும் ஏற்றிக்கொண்டு புக்கிட் ரோத்தான் போனோம். கோயிலில் கும்பிட்டு, கடைத்தெருவில் தோசையும் தே தாரிக்கும் முடித்து, பழைய தோட்டத்து மண் சாலையில் காரை இறக்கினேன்.

எங்கள் காலத்தில் இங்கே ரப்பர். விடியற்காலையில் பெரட்டு, ஆள் கணக்கு எடுத்ததும் அப்பாவும் அம்மாவும் நிரைக்குப் போய்விடுவார்கள். பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்து, வீடு திரும்ப மதியமாகும். குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் ஐந்து மணி. ஐந்து மணிக்குத் திடல்.

மழை பெய்தால் மரத்தின் பட்டை நனைந்துவிடும், பால் வெட்ட முடியாது. வேலை இல்லையென்றால் அன்றைய சம்பளமும் இல்லை. அம்மா வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். நாங்கள் அதே வானத்தைப் பார்த்துவிட்டுத் திடலுக்கு ஓடுவோம். அந்த வயதில் அது தப்பாகத் தெரியவில்லை.

லயத்துக்கும் மாரியம்மன் கோயிலுக்கும் நடுவில் இருந்தது அந்தத் திடல். கோல் கம்பம் நிபோங் மரம். வலை, பாசிர் பெனாம்பாங் மீனவர்கள் கழித்துப் போட்டது. மழையில் நனைந்தால் கருவாட்டு வாசம் வரும். புல்லை மாடுகள் பார்த்துக்கொள்ளும். சாணியை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

காலையில் பெரட்டில் பெயர் கூப்பிட்டு அதட்டும் தண்டல், மாலையில் எங்கள் குழுவின் லெஃப்ட் பேக். அண்ணன் கோல் கீப்பர். "முன்னால ஏறாதீங்க தண்டலே, பின்னால ஆளு நிக்கிறான்!" என்று கோலிலிருந்து கத்துவார். அவரும் பேசாமல் திரும்பி ஓடுவார். பதினேழு வயதுப் பையன் தண்டலை அதட்டக்கூடிய இடம் தோட்டத்தில் அது ஒன்றுதான்.

திருவிழா முடிந்த வாரம் பக்கத்துத் தோட்டங்களோடு ஆட்டம் நடக்கும். தோட்ட லோரியில் நின்றுகொண்டே போவோம். பரிசு சில சமயம் கிண்ணம், சில சமயம் ஆடு. ஆடு ஜெயித்த இரவுகள்தான் எனக்கு இன்னும் நன்றாக ஞாபகம் இருக்கின்றன.

எங்கள் வீட்டுச் சுவரில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டிய படம் ஒன்று இருந்தது. சிலாங்கூர் கோல் கீப்பர் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளால் பாய்ந்து பந்தைப் பிடிப்பதால் நாடே அவரை 'ஸ்பைடர்மேன்' என்றது. 1977-லும் 1979-லும் சீ விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற தேசியக் குழுவின் கோல் கீப்பர். மற்ற வீரர்களின் ஆட்டத்தை ரசித்தோம். ஆறுமுகத்தை எங்கள் சொந்தக்காரர் மாதிரி நினைத்தோம். அண்ணன் தன் கைகளை முழம் போட்டு அளந்து பார்த்துக்கொள்வார்.

1980 ஏப்ரல் 6, ஞாயிற்றுக்கிழமை. மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவுடன் கடைசி ஆட்டம். கோலில் ஆறுமுகம், தற்காப்பில் சோ சின் ஆனும் சந்தோக் சிங்கும். எங்கள் லயத்தில் ஒரு வானொலிப் பெட்டியைச் சுற்றி முப்பது பேர். சபாவிலிருந்து வந்த ஹசான் சானி பந்தைக் கொடுக்க, அதே சபாக்காரர் ஜேம்ஸ் வோங் கோல் அடித்தார். 2-1. மலேசியா ஜெயித்தது. தண்டல் அண்ணனைத் தூக்கிச் சுற்றினார், என்னவோ அண்ணன்தான் கோலைக் காத்தது போல.

ஆனால் அந்தக் குழு மாஸ்கோ போகவில்லை. சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்ததைக் கண்டித்துப் பல நாடுகள் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. மலேசியாவும் அதில் சேர்ந்துகொண்டது. நம் இடத்தில் ஈராக் ஆடியது. "ஜெயிச்சவங்க ஏன் போகல?" என்று நான் கேட்டதற்கு வீட்டில் யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை.

இரண்டு வருடம் கழித்து அண்ணனுக்கு ஒரு கடிதம் வந்தது. கிள்ளானில் இளைஞர் குழுவுக்கு ஆள் தேர்வு, வந்து ஆடிக் காட்ட வேண்டும். நாள், வாரத்தின் நடுவில். அந்த மாதம் அப்பா காலில் வெட்டுக் காயத்தோடு படுத்திருந்தார். அவருடைய நிரையையும் அண்ணன்தான் வெட்டிக்கொண்டிருந்தார். முதல் நாள் இரவு கடன் வாங்கிய பூட்ஸுக்கு மெருகு போட்டார். காலையில் எழுந்து, பூட்ஸை வாசலில் விட்டுவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு பெரட்டுக்குப் போனார். கடிதம் ரொம்ப நாள் முருகன் படத்துக்குப் பின்னால் செருகிக் கிடந்தது.

1988 டிசம்பரில் ஆறுமுகம் கார் விபத்தில் இறந்தார். வயது 35. அந்த வாரம் எங்கள் குழு கையில் கறுப்புத் துணி கட்டி ஆடியது. அண்ணன் அன்று ஐந்து கோல் விட்டார். யாரும் திட்டவில்லை.

பிறகு எல்லாம் சீக்கிரம் நடந்தது. ரப்பரைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்கு அத்தனை ஆள் தேவையில்லை. தேவைப்பட்டவர்களும் வெளிநாட்டிலிருந்து வந்தார்கள். நம் குடும்பங்கள் காப்பார், கிள்ளான், ஈஜோக் என்று பிரிந்தன. முதலில் சப்ஸ்டிடியூட் இல்லாமல் ஆடினோம், அப்புறம் ஒன்பது பேராக ஆடினோம். ஒரு நாள் யாருமே வரவில்லை. ஒரு குழு கலைந்தது என்று அறிவிப்பா செய்வார்கள்?

தோட்டம் போனாலும் ஆட்டம் போய்விடவில்லை. மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கத்தின் வேரிலிருந்து முளைத்த பெட்டாலிங் ஜெயா சிட்டி குழு சூப்பர் லீக் வரை போனது. நம் பையன்கள் அதில் ஆடுவதைப் பார்க்க அண்ணன் டிவி முன் உட்கார்ந்துவிடுவார். 2022 முடிவில் அதுவும் லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. 1980 கதையை வைத்து 2016-இல் 'ஓலா போலா' படம் வந்தபோது குடும்பத்தோடு போனோம். கொட்டகையில் எல்லோரும் கைதட்டினார்கள். அண்ணன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

காரை நிறுத்தினேன். லயம் இல்லை. மாரியம்மன் கோயில் மட்டும், யாரோ சாயம் அடித்துப் பார்த்துக்கொள்கிறார்கள். அதை வைத்து அண்ணன் திசை கண்டுபிடித்தார். செம்பனைக்குள் நாற்பது அடி நடந்து, "இதுதான் கோயில் பக்கத்து கோல்" என்றார்.

நாற்பது வருடமாகக் கேட்காத கேள்வியை அங்கே கேட்டேன். "ஒரு நாள்தானே அண்ணே, கிள்ளானுக்குப் போய்ட்டு வந்திருக்கலாமே?"

"ரெண்டு நிரைடா. விட்டா அந்த மாசம் கடைக் கடன் யாரு கட்டுறது?" என்றார். கொஞ்சம் நடந்துவிட்டுச் சிரித்தார். "போயிருந்தா ஒருவேளை வேணாம்னு அனுப்பியிருப்பாங்க. போகாததால இன்னைக்கும் நான் நல்ல கோல் கீப்பர்தான்."

மகன் காரிலிருந்து பந்தைக் கொண்டுவந்தான். "பெரியப்பா, நில்லுங்க!" அண்ணன் இரண்டு செம்பனைக்கு நடுவில் போய் நின்றார். முழங்காலை மடக்க முடியவில்லை, கைகளை மட்டும் விரித்தார். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் பையன் அடித்துவிட்டான். பந்து அவரது இடது கைக்கு அப்பால் போய், காய்ந்த மட்டைக் குவியலில் விழுந்தது.

"கோல்!"

"வெளிய போச்சுடா," என்றார் அண்ணன். "கோல் கம்பம் இருபத்து நாலு அடி. மரத்துக்கு மரம் முப்பது அடி நடுவான். உன் பந்து கம்பத்துக்கு வெளிய."

பையன் ஒப்புக்கொள்ளவில்லை. அண்ணன் காலால் தரையைக் கீறி, கம்பம் இருந்த இடத்தை அடி வைத்து அளக்க ஆரம்பித்தார். நான் மட்டைக் குவியலுக்குள் கைவிட்டுப் பந்தைத் தேடினேன்.